கரையா, கால்வாயா, காலி நிலமா? வெள்ளத் தடுப்பில் எதற்கு எது பொருந்தும்

2024 செப்டம்பரில் மத்திய ஐரோப்பாவில் கொட்டித் தீர்த்த மழையின்போது வியன்னா நகரம் இரண்டு விதமான வெள்ளத்தை ஒரே வாரத்தில் பார்த்தது. டான்யூப் என்ற பேராறு பெருக்கெடுத்தும் நகருக்குள் ஏறவில்லை. 1972 முதல் 1988 வரை வெட்டி, ஆற்றுக்கு இணையாக 21 கிலோமீட்டர் நீளத்துக்கு வைத்திருக்கும் 'புதிய டான்யூப்' என்ற வெள்ளக் கால்வாய் உபரி நீரை வாங்கிக்கொண்டது. ஆனால் அதே நகரத்தின் ஊடே ஓடும் வீன் என்ற சிற்றாற்றில், முழங்கால் அளவு ஓடிக்கொண்டிருந்த தண்ணீர் ஒரே நாளில் 2.26 மீட்டருக்கு ஏறியது. அதை ஒட்டிப் போகும் மெட்ரோ பாதையில் ஒரு பகுதியை மூட வேண்டியதாயிற்று.

வெள்ளத் தடுப்புத் திட்டங்களை ஒப்பிட உட்காரும்போது முதலில் பிரித்துக்கொள்ள வேண்டியது இதைத்தான். ஆற்று வெள்ளம் என்பது வேறெங்கோ பெய்த மழை. பெரிய ஆறு என்றால் நாள் கணக்கில் சொல்லிவிட்டு வரும், வந்தபின் நாள் கணக்கில் நிற்கும். மழைநீர் வெள்ளம் நம் தலைமேலேயே பெய்தது. ஒரு மணி நேர அவகாசம் கிடைத்தாலே அதிகம். ஒன்றுக்காகச் செய்த வேலை மற்றதற்கு உதவாமல் போகலாம், சில இடங்களில் கெடுதலும் செய்யும். கரையை உயர்த்தலாமா, கால்வாய் வெட்டலாமா என்று கேட்பதற்கு முன்னால், நம்மை மூழ்கடிப்பது எந்தத் தண்ணீர், எத்தனை மணி நேரத்தில் வந்து சேர்கிறது என்று கேட்டுவிட்டால் பாதித் திட்டங்கள் தானாகவே கழிந்துவிடும்.

இன்னொன்றையும் மறக்கக் கூடாது. எந்தக் கட்டுமானமும் தண்ணீரை இல்லாமல் ஆக்குவதில்லை. அது போகும் இடத்தை மாற்றும், அல்லது போகும் நேரத்தை மாற்றும். அதனால் ஒவ்வொரு யோசனையிடமும் நான் கேட்கிற கேள்வி, அந்தத் தண்ணீர் இனி யாருடைய நிலத்துக்கு, எப்போது போகும் என்பதுதான். செலவுக் கணக்கெல்லாம் அதற்கு அப்புறம்.

கரையை உயர்த்துவது

எல்லோருக்கும் முதலில் தோன்றுகிற வழி இது. மண் இருக்கிறது, பொக்லைன் இருக்கிறது, ஒரு கோடையில் வேலை முடிந்துவிடும். ஊர் ஆற்றோரமாகவே வளர்ந்து, பின்வாங்க இடமில்லாத நிலையில் கரையோ தடுப்புச் சுவரோ தவிர வேறு வழியும் இருக்காது. அதை நான் மறுக்கவில்லை.

சிக்கல் என்னவென்றால், இரண்டு பக்கமும் கரை போட்டு ஆற்றை நெருக்கினால் அதே அளவு தண்ணீர் இன்னும் உயரமாக ஓடும். நம் கரையை ஒரு மீட்டர் உயர்த்தினால் எதிர்க்கரைக்காரருக்கும் மேலே இருக்கும் ஊருக்கும் அந்தச் சுமை போய்ச் சேரும். அவர்களும் உயர்த்துவார்கள். மிசிசிப்பி ஆற்றில் பல பத்தாண்டுகளாகக் 'கரை மட்டுமே போதும்' என்ற கொள்கைதான் இருந்தது. 1927 வெள்ளத்தில் கரைகள் அடுத்தடுத்து உடைந்து, 6 லட்சத்துக்கும் அதிகமானவர்கள் வீடிழந்து வெளியேற நேர்ந்தது. அடுத்த ஆண்டே அமெரிக்க அரசு சட்டம் கொண்டுவந்து, கரையோடு வெள்ளக் கால்வாய்களும் வேண்டும் என்று கொள்கையை மாற்றிக்கொண்டது.

கரை தோற்கும் விதமும் மோசமானது. கரை இல்லாத ஊரில் தண்ணீர் மெல்ல ஏறும், மூட்டை முடிச்சைக் கட்ட நேரம் இருக்கும். கரை உடைந்தால் ஆளுயரத் தண்ணீர் ஒரே பாய்ச்சலில் வரும். அதுவும் கரையின் தலைக்கு மேல் வழிந்துதான் உடையும் என்பதில்லை. ஆறு பல நாள் நிறைந்து நிற்கும்போது, அடியில் மணல் அடுக்கு இருந்தால் அதன் வழியே ஊறி, கரைக்கு இந்தப் பக்கம் வயலில் சின்ன ஊற்றாகக் கொப்பளிக்கும். தெளிந்த நீராக வந்தால் கண் வைத்துக்கொண்டிருந்தால் போதும். கலங்கலாக, மணலை வாரிக்கொண்டு வந்து வாயைச் சுற்றிக் கூம்பாகக் குவித்தால், அடியில் பொந்து அரிபட்டுக்கொண்டிருக்கிறது என்று அர்த்தம். அனுபவமுள்ள ஆட்கள் அதன்மேல் மூட்டையைப் போட்டு அடைக்க மாட்டார்கள். அடைத்தால் பக்கத்தில் இன்னொன்று கிளம்பும். ஊற்றைச் சுற்றி மணல் மூட்டைகளை வட்டமாக அடுக்கி, நடுவில் தண்ணீரை ஏறவிடுவார்கள். ஏறி நிற்கும் நீரின் எடை கீழிருந்து வரும் அழுத்தத்தைத் தணிக்கும். மணல் வருவது நின்று வெறும் தண்ணீர் மட்டும் வழியும். வெள்ளக் காலம் முழுக்க இரவு பகலாகக் கரை மேல் நடந்து இந்த ஊற்றுகளைத் தேடுகிற ஆட்கள் இருந்தால்தான் கரை கரையாக இருக்கும். திட்ட மதிப்பீட்டில் இந்தச் சம்பளத்தைச் சேர்க்காத கரையை நான் நம்பமாட்டேன்.

கரை கட்டியபின் அதன் நிழலில் வீடுகள் பெருகுவது அடுத்த ஆபத்து. 'நூறாண்டு வெள்ளத்துக்கான கரை' என்றதும், நூறு வருடத்துக்குக் கவலையில்லை என்று பலர் எடுத்துக்கொள்கிறார்கள். ஆண்டுக்கு நூற்றில் ஒரு பங்கு வாய்ப்பு என்பதுதான் அதன் பொருள். 30 ஆண்டு வீட்டுக் கடன் ஓடி முடிவதற்குள் அந்த அளவு வெள்ளம் ஒரு தடவையாவது வருவதற்கான வாய்ப்பு 26 சதவீதம். நான்கில் ஒன்று.

உபரியைத் திருப்பிவிடுவது

கனடாவின் வின்னிபெக் நகரத்தில் 1950-ல் செந்நதி பெருகி, சுமார் ஒரு லட்சம் பேர் வெளியேறினார்கள். அதன்பின் மாகாண முதல்வர் டஃப் ராப்ளின் நகரைச் சுற்றி 47 கிலோமீட்டர் நீளத்தில் வெள்ளக் கால்வாய் வெட்டத் தீர்மானித்தபோது, வீண் செலவு என்று கடுமையாகக் கேலி செய்தார்கள். 1962-ல் தொடங்கி 1968-ல் முடிந்தது. 1997-ல் அதே ஆற்றின் வெள்ளம் எல்லைக்கு அப்பால் அமெரிக்காவின் கிராண்ட் ஃபோர்க்ஸ் ஊரை மூழ்கடித்துவிட்டு வடக்கே வந்தது. வின்னிபெக் பெருமளவு தப்பித்தது. அப்புறம் கால்வாயை இன்னும் அகலப்படுத்தினார்கள்.

கால்வாய் வழிக்கு நான் அதிக மதிப்பெண் கொடுப்பதற்குக் காரணம், அது ஆற்றின் உயரத்தையே குறைக்கிறது. கரையின் மேல் சுமை குறைகிறது, ஊற்றுகள் குறைகின்றன. ஆனால் திருப்பிவிட்ட தண்ணீர் எங்கோ போய்த்தானே ஆக வேண்டும்? வின்னிபெக்கில் கால்வாய்க்குள் தண்ணீரைத் திருப்ப ஆற்றின் குறுக்கே கதவை உயர்த்தும்போது, கதவுக்கு மேலே உள்ள பகுதிகளில் நீர்மட்டம் ஏறுகிறது. 1997-ல் அங்கிருந்தவர்கள், நகரத்தைக் காப்பாற்ற எங்களை மூழ்கடித்தீர்கள் என்று கோபப்பட்டதில் நியாயம் இருந்தது. இயல்பாக வந்திருக்கக்கூடிய அளவுக்கு மேல் ஏறினால் நஷ்டஈடு தர வேண்டும் என்று மாகாணம் பின்னர் சட்டமே இயற்றியது. அந்தச் சட்டம் கால்வாய் வெட்டுவதற்கு முன்பே இருந்திருக்க வேண்டும்.

நியூ ஆர்லியன்ஸுக்கு மேலே மிசிசிப்பியின் கரையில் 1931-ல் கட்டி முடித்த போனே காரே கலிங்கு இன்னொரு உதாரணம். 350 கண்கள், கண்ணுக்கு 20 மரக்கட்டைகள் செங்குத்தாக நிற்கும். வெள்ளம் வந்தால் தண்டவாளத்தில் ஓடும் கிரேன் ஒவ்வொரு கட்டையாகத் தூக்கி மேலே கிடத்தும். முழுக்கத் திறந்தால் வினாடிக்கு 2,50,000 கனஅடி நீர் பான்சர்ட்ரைன் ஏரி வழியாகக் கடலுக்குப் போகும். எளிமையான அமைப்பு, இத்தனை ஆண்டுகளாக வேலை செய்கிறது. ஆனால் 2019-ல் முதல்முறையாக ஒரே ஆண்டில் இரண்டு தடவை, மொத்தம் 123 நாள் திறந்து வைக்க நேர்ந்தபோது, அத்தனை நன்னீரும் கடலோர உவர்நீரில் கலந்து சிப்பிப் படுகைகள் அழிந்தன. நகரம் காப்பாற்றப்பட்டது, கடலோர மீனவர்களின் பிழைப்பு போயிற்று. எப்போதாவது திறக்கலாம் என்று வடிவமைத்த கால்வாயை அடிக்கடி திறக்க வேண்டிய நிலை வந்தால், கணக்கை முதலிலிருந்து போட வேண்டியதுதான்.

பிடித்துவைத்து விடுவது

ஒப்பீட்டில் எனக்கு மிகவும் பிடித்த அமைப்பு அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில் டேட்டன் நகரைச் சுற்றி இருக்கிறது. 1913 மார்ச் வெள்ளத்தில் மியாமி ஆற்றுப் பள்ளத்தாக்கில் 360-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். ஆர்தர் மார்கன் என்ற பொறியாளர் தலைமையில் 1922-க்குள் ஐந்து அணைகள் எழுந்தன. ஐந்தும் எந்நேரமும் காலி. அடியில் கான்கிரீட் கண்கள் எப்போதும் திறந்தே இருக்கும், அவற்றுக்குக் கதவே கிடையாது. நகரத்துக்குள் ஆறு எவ்வளவு தாங்குமோ அந்த அளவுக்குக் கணக்குப் போட்டு அந்தக் கண்களை வைத்திருக்கிறார்கள். அதற்குள் வருகிற தண்ணீர் அணை இல்லாதது போலவே ஓடிவிடும். அதை மீறி வருவது தானாகப் பின்னால் தேங்கி, ஆறு இறங்கியதும் தானாக வடியும். 1913 வெள்ளத்தைவிட 40 சதவீதம் பெரிய வெள்ளத்துக்குத் திட்டமிட்டது. தேங்கும் நிலத்தில் மற்ற நாட்களில் விவசாயம் நடக்கிறது. வெள்ளம் வந்தால் தேக்கிக்கொள்ளும் உரிமையை முன்கூட்டியே விலைக்கு வாங்கி, பத்திரத்தில் எழுதிவைத்துவிட்டார்கள்.

இதைப் பாசன அணையோடு ஒப்பிட்டால் வித்தியாசம் புரியும். பாசனத்துக்கும் குடிநீருக்கும் மின்சாரத்துக்கும் அணை நிறைந்திருக்க வேண்டும், வெள்ளத்துக்குக் காலியாக இருக்க வேண்டும். மழைக்காலக் கடைசியில் அணை நிரம்பிவிட்ட நேரத்தில் பெருமழை வந்தால் வருவதை அப்படியே திறந்துவிடுவதைத் தவிர வழியில்லை. நடுராத்திரியில் எவ்வளவு திறப்பது என்ற முடிவு ஒரு அதிகாரியின் தலையில் விழும். முன்கூட்டியே திறந்து மழை பொய்த்தால் தண்ணீரை வீணாக்கியதாகப் பழி. திறக்காமல் மழை வந்தால் ஊரை மூழ்கடித்ததாகப் பழி. வெள்ளத் தடுப்புதான் நோக்கம் என்றால், திறந்த கண் வைத்த காலி அணைக்கு இந்தச் சங்கடமே இல்லை.

எல்லா இடத்துக்கும் இது பொருந்தாது. மேலே குறுகலான பள்ளத்தாக்கு வேண்டும், அதில் குடியிருப்பு இருக்கக் கூடாது. அகன்ற சமவெளியில் வாரக்கணக்கில் ஓடும் பேராற்றைப் பிடித்துவைக்கிற அளவுக்குக் காலி இடம் கிடைப்பது கடினம். முதல் வெள்ளம் வடிவதற்குள் இரண்டாவது வந்தாலும் சிக்கல்தான்.

ஆற்றுக்கு இடம் விடுவது

1995-ல் நெதர்லாந்தில் ரைன் கிளைகளின் கரைகள் உடைந்துவிடுமோ என்ற பயத்தில் சுமார் 2,50,000 பேரை வெளியேற்றினார்கள். கரைகள் தப்பின. ஆனால் உயர்த்திக்கொண்டே போவதற்கு முடிவே இல்லை என்பது அவர்களுக்குத் தெரிந்துவிட்டது. பிறகு வந்த 'ஆற்றுக்கு இடம்' திட்டத்தில் முப்பதுக்கும் மேற்பட்ட இடங்களில் கரையைப் பின்னுக்குத் தள்ளினார்கள், பக்கவாட்டில் ஓடை வெட்டினார்கள், ஆற்றோர நிலங்களைத் தாழ்த்தினார்கள். நைமேகன் நகரத்துக்கு எதிரே கரையை 350 மீட்டர் பின்னால் நகர்த்தினார்கள். அதற்காகச் சுமார் 50 வீடுகள் போயின. கிடைத்தது, வெள்ள நேரத்தில் சுமார் 35 சென்டிமீட்டர் குறைவான நீர்மட்டம்.

இவ்வளவுதானா என்று தோன்றும். தலைக்கு மேல் வெள்ளம் போனால் சாண் என்ன முழம் என்ன என்பார்கள். கரையின் தலையைத் தொட்டு நிற்கிற வெள்ளத்துக்கோ ஒரு சாண்தான் எல்லாம். பின்னுக்குத் தள்ளிய கரை இன்னொரு வகையிலும் லாபம்: தண்ணீர் எதிர்பார்த்ததைவிட அதிகமாக வந்தாலும் அகலமான இடத்தில் மெதுவாகத்தான் ஏறும். ஓவர்டீப்சே என்ற பகுதியில் விவசாயிகள் தாங்களே முன்வந்து, பண்ணை வீடுகளை உயர்ந்த மண்மேடுகளில் கட்டிக்கொள்கிறோம், வெள்ளம் வந்தால் வயலில் ஓடட்டும் என்று யோசனை சொன்னார்கள். அதையே அரசு செயல்படுத்தியது. இதற்கு வருடக்கணக்கில் உட்கார்ந்து பேச வேண்டும். அவசரத்துக்கு உதவாத வழி, ஆனால் நிலம் இன்னும் காலியாக இருக்கும் ஊர்கள் வேறெதையும் தொடுவதற்கு முன் இதை யோசிக்க வேண்டும். அந்த நிலத்தில் வீடு எழுந்துவிட்டால் திரும்பக் கிடைக்காது.

தெருவில் பெய்த மழை

இதுவரை சொன்ன நான்கும் ஆற்றுக்கு. தெருவில் பெய்யும் மழைக்குக் கணக்கு வேறு. ஒரு சதுர கிலோமீட்டரில் 100 மில்லிமீட்டர் பெய்தால் 10 கோடி லிட்டர் தண்ணீர். மழைநீர் வடிகால்களைப் பெரும்பாலும் சில ஆண்டுகளுக்கு ஒருமுறை வரும் மழைக்கே அளவெடுத்துக் கட்டுகிறார்கள். அதைப் பெருமழைக்குத் தாங்குகிற அளவுக்கு ஊர் முழுக்கத் தோண்டிப் பெரிதாக்குவது எந்த நகராட்சியாலும் ஆகிற காரியமில்லை.

2011 ஜூலையில் இரண்டு மணி நேரத்தில் சுமார் 150 மில்லிமீட்டர் கொட்டியபின் கோபன்ஹேகன் வேறு பாதையில் போனது. குழாயை மட்டும் நம்பாமல் தண்ணீரைத் தரைமேலேயே நடத்துவது என்று முடிவெடுத்தார்கள். சில சாலைகளின் மட்டத்தை மாற்றிப் பெருமழைக்கு ஓடையாக்கினார்கள், பூங்காக்களைப் பள்ளமாக்கினார்கள். அவற்றில் எங்ஹேவ் என்ற ஒரு பூங்காவில் மட்டும் 2 கோடியே 26 லட்சம் லிட்டர் பிடிக்கும். மற்ற நாட்களில் அங்கே பிள்ளைகள் விளையாடுகிறார்கள்.

இதற்கு எதிர்முனையில் டோக்கியோவுக்கு வடக்கே 2006-ல் முடிந்த நிலத்தடி வெள்ளக் கால்வாய். சுமார் 50 மீட்டர் ஆழத்தில் 6.3 கிலோமீட்டர் சுரங்கம், சிற்றாறுகளின் உபரி விழ ஐந்து பெருங்கிணறுகள், 59 தூண்கள் தாங்கும் ஒரு பிரம்மாண்டத் தொட்டி. அங்கிருந்து வினாடிக்கு 200 கனமீட்டர் வரை எடோ ஆற்றுக்குள் இறைக்கிறார்கள். அசாத்தியமான வேலை. மேலே ஒரு அடி நிலமும் மிச்சமில்லாத ஊருக்கு அது தேவைப்பட்டது. விளையாட்டுத் திடலும் வயலும் இன்னும் பாக்கியிருக்கிற ஊர் அதைப் பார்த்து ஆசைப்படத் தேவையில்லை. தரைமேல் குளம் தானாக வடியும். சுரங்கத்தில் இறங்கிய ஒவ்வொரு சொட்டையும் இறைத்துத்தான் வெளியேற்ற முடியும்.

மண்ணை உறிஞ்சவைக்கும் 'பஞ்சு நகர'த் திட்டங்களைப் பற்றியும் சொல்லிவிடுகிறேன். அடிக்கடி வரும் சாதாரண மழைக்கு அவை நன்றாக வேலை செய்கின்றன. சீனாவின் ஜெங்ஜோ அந்த வழியில் நிறையச் செலவு செய்த நகரம். 2021 ஜூலை 20 அன்று அங்கே ஒரே மணி நேரத்தில் 201.9 மில்லிமீட்டர் பெய்தது. எந்த மண்ணும் அதைக் குடிக்காது.

இரண்டு தண்ணீரும் சந்திக்கும் இடம்

பெரும்பாலான திட்டங்கள் கோட்டைவிடுவது இங்கேதான். ஊரின் மழைநீர் வடிகால் கரையைத் துளைத்துக்கொண்டு ஆற்றில் போய் விழுகிறது. விழும் முனையில், மேல் விளிம்பில் கீல் வைத்த இரும்பு மடல் தொங்கும். உள்ளிருந்து தண்ணீர் தள்ளினால் திறக்கும், ஆறு உயர்ந்து வெளியிலிருந்து அழுத்தினால் மூடிக்கொள்ளும். மடலுக்கும் சட்டத்துக்கும் நடுவே ஒரு மரக்கிளை சிக்கினால் போதும், ஆறு பின்வாசல் வழியாக ஊருக்குள் வரும். கரை எவ்வளவு உயரம் என்பது அப்போது பொருட்டே இல்லை.

மடல் சரியாக மூடிக்கொண்டாலும் பிரச்சினை தீரவில்லை. ஆறு இறங்கும்வரை ஊரில் பெய்கிற மழைக்கு வெளியேற வழி கிடையாது. கரைக்கு உள்பக்கம் தேங்க ஒரு பள்ளம் வேண்டும், அல்லது கரையைத் தாண்டி இறைக்க பம்பு வேண்டும். பள்ளம் பெரிதானால் பம்பு சிறிதாகலாம். நான் எப்போதும் பள்ளத்தைப் பெரிதாக்கச் சொல்வேன். மின்சாரம் போவதும் டீசல் கொண்டுவரும் சாலை மூழ்குவதும் அதே ராத்திரியில்தான் நடக்கும். நியூ ஆர்லியன்ஸ் தன் மழைநீரை முழுக்க இறைத்தே வெளியேற்றுகிற ஊர். 2005-ல் கத்ரீனா புயலின்போது, இறைத்த நீர் ஏரிக்குப் போகும் கால்வாய்களுக்குள்ளேயே புயலால் பொங்கிய கடல்நீர் நுழைந்து, அவற்றின் சுவர்கள் சரிந்தன. நகரத்தில் சுமார் 80 சதவீதம் மூழ்கியது. இப்போது அந்தக் கால்வாய்களின் வாயில் நிரந்தரக் கதவும் பக்கத்திலேயே பெரிய பம்பு நிலையமும் இருக்கின்றன. கதவு மட்டும் வைத்துப் பம்பு வைக்காமல் விட்டிருந்தால் அடுத்த பெருமழையில் ஊர் உள்ளிருந்தே நிறைந்திருக்கும்.

நேரக் கணக்கும் இங்கே வருகிறது. மழைநீரைப் பிடித்துவைப்பது எப்போதும் நல்லது என்று நினைக்கத் தோன்றும். ஆற்றின் மேல்பகுதியில் அது சரி. கீழ்ப்பகுதி ஊரிலோ, உள்ளூர் மழை ஆற்றின் உச்சம் வந்து சேர்வதற்கு முன்பே ஓடிப்போக வாய்ப்புண்டு. அதைப் பிடித்துவைத்து மறுநாள் விட்டால் சரியாக உச்சத்தின் தலையில் போய்ச் சேரும். ஒரே வடிநிலத்தில் ஒவ்வொரு ஊரும் தனித்தனியாகக் குளம் வெட்டினால் இந்த விபரீதம் நடக்கும். வட்டாரம் முழுவதற்கும் ஒரே அமைப்பு பொறுப்பில் இருக்க வேண்டும் என்பதற்கு இதைவிடப் பெரிய காரணம் தேவையில்லை.

சரி, எதை எடுப்பது?

மேலே பள்ளத்தாக்கு இருக்கிறது, ஊர் கீழே இருக்கிறது, ஆறு நடுத்தரமானது என்றால் டேட்டன் மாதிரிக் காலி அணைகள். சமவெளியில் பேராறு, ஏற்கெனவே கரைகள் இருக்கின்றன என்றால் கால்வாயும் பின்னுக்குத் தள்ளிய கரையும், அதுவும் நிலம் கைமாறுவதற்கு முன்பே. ஊர் ஆற்றின் விளிம்பிலேயே இருந்தால் கரைதான், கூடவே பள்ளமும் பம்பும் தினசரி ஆளும். மழைநீருக்குத் தரைமேல் இடம் தேடித் தீர்ந்தபின்தான் சுரங்கம். பணம் குறைவாக இருந்தால் முதல் ரூபாயை மடல் கதவுகளைச் சுத்தம் செய்யவும் இருக்கிற ஓடைகளில் தூர்வாரவும் செலவிடுவேன். புதுக் கட்டுமானம் அதற்குப் பிறகு.

எதைத் தேர்ந்தெடுத்தாலும் ஒப்பந்தம் போடுவதற்கு முன் பொறியாளரிடம் ஒரு வரைபடம் கேட்டு வாங்க வேண்டும்: திட்டமிட்ட அளவை மீறிய வெள்ளம் வந்தால் எந்த இடத்தில் வழியும்? பதில் தெரிந்த ஊர், கரையின் ஒரு பகுதியை வேண்டுமென்றே ஒரு அடி தாழ்த்தி, கல் பாவி, வழிந்தாலும் அரிக்காதபடி செய்து, அந்தப் பக்கம் வீடு கட்ட அனுமதி தராமல் வைத்திருக்கும். அந்த நிலத்துக்காரர்களுக்கு எப்போது எச்சரிக்கை போகும், எவ்வளவு நஷ்டஈடு என்பதும் எழுத்தில் இருக்கும். அந்த வரைபடம் இல்லாத திட்டத்தை, எவ்வளவு மலிவாக இருந்தாலும், திருப்பி அனுப்பிவிடலாம்.